கலைப் பொம்மைகள்: எதைச் சேர்ப்பது, ஏன் சேர்ப்பது?

பையில் தொங்கிக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கும் நீண்ட காது ‘லபுபு’வை இப்போது நமது பிள்ளைகளுக்கும் தெரியும். 2024ஆம் ஆண்டு தென்கொரியாவின் ‘பிளாக்பிங்க்’ இசைக்குழுப் பாடகி லிசா அதைத் தன் பையில் மாட்டிக்கொண்ட படங்கள் பரவிய பின்னர், ஆசிய நகரங்களில் அதற்காக நீண்ட வரிசைகள் உருவாகின. 2025 ஜூன் மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஏலமொன்றில் மனித உயரமுள்ள ஒரு லபுபு 10 இலட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு, அதாவது சுமார் ஒன்றரை இலட்சம் அமெரிக்க டொலருக்கு விற்பனையானது. செய்திகளில் அந்த விலை மட்டும்தான் பேசப்பட்டது. வளர்ந்த மனிதர்கள் பொம்மைகளை ஏன் சேர்க்கிறார்கள், எப்படிச் சேர்க்கிறார்கள் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

பல வருடங்களாக இந்தத் துறையைக் கவனித்து வருகிறேன். சுயாதீன ஊடகவியலாளரின் வருமானத்தில் அதிகம் வாங்க முடியாது. என்னிடம் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. எனவே இது ஒரு பெரிய சேகரிப்பாளரின் ஆலோசனை அல்ல. இந்தப் பொம்மைகள் எங்கிருந்து வந்தன, அவற்றைச் சேர்ப்பவர்கள் என்னென்ன வழிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், காசை எங்கே இழக்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் சொல்லும் முயற்சி.

சிப்பாயின் சீருடையைக் கழற்றியவர்

கலைப் பொம்மை என்பது ஒரு கலைஞர் தன் கற்பனையில் உருவாக்கிய பாத்திரத்தை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும், பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்காக வெளியிடும் உருவம். சாதாரண விளையாட்டுப் பொம்மைக்குப் பின்னால் ஒரு திரைப்படமோ கார்ட்டூனோ இருக்கும். கலைப் பொம்மைக்கு அது தேவையில்லை. அதை வரைந்த கைதான் அதன் கதை. வைனில் எனப்படும் மென்மையான பிளாஸ்டிக், ரெசின், மரம், துணி எனப் பல பொருட்களில் இவை செய்யப்படுகின்றன.

இதன் தொடக்கத்தில் நமக்குச் சற்று நெருக்கமான ஒரு விடயம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜீ.ஐ. ஜோ’ என்ற 12 அங்குல சிப்பாய்ப் பொம்மையை அறிமுகப்படுத்தியது. ஆண் பிள்ளைகளுக்கெனச் செய்யப்பட்ட, சீருடையும் துப்பாக்கியும் கொண்ட பொம்மை அது. 1990களின் பிற்பகுதியில் ஹொங்கொங் கலைஞர் மைக்கல் லாவ் அந்தச் சிப்பாய்ப் பொம்மைகளை எடுத்து, சீருடையைக் கழற்றி, தலையையும் உடையையும் புதிதாகச் செய்து, தன் நகரத்துத் தெருக்களில் ஸ்கேட்போர்ட் ஓட்டித் திரியும் இளைஞர்களாக மாற்றினார். ‘கார்டனர்’ என்ற அவரது சித்திரக்கதையின் பாத்திரங்கள் அவை. 1999ஆம் ஆண்டு அந்த உருவங்களை அவர் ஹொங்கொங்கில் காட்சிப்படுத்தினார். கலைப் பொம்மை இயக்கத்தின் முன்னோடியாக இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

அதே காலத்தில் டோக்கியோவின் ஹராஜுகுவில் ‘பவுண்டி ஹன்டர்’ என்ற சிறிய கடையும், லண்டனில் ஜேம்ஸ் ஜார்விஸ் என்ற ஓவியரும் இதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். 1999ஆம் ஆண்டு பவுண்டி ஹன்டருடன் சேர்ந்து, ‘கோஸ்’ என்ற பெயரில் அறியப்படும் அமெரிக்கக் கலைஞர் பிரையன் டொனலி, தன் முதலாவது பொம்மையான ‘கம்பானியன்’ஐ 500 பிரதிகளில் வெளியிட்டார். மண்டையோட்டுத் தலையும், கண்களுக்குப் பதிலாகப் பெருக்கல் குறிகளும் கொண்ட உருவம் அது. இருபது வருடங்களுக்குப் பிறகு, 2019 ஏப்ரலில், அவரது ஓவியம் ஒன்று ஹொங்கொங் ஏலத்தில் 11 கோடி 50 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு மேல் விலைபோனது. சுவரெழுத்துக் கலைஞராகத் தொடங்கி, பொம்மை செய்து, பெரும் ஏலக்கூடத்துக்குள் நுழைந்தவர் அவர்.

பின்னர் நிறுவனங்கள் வந்தன. ஜப்பானின் மெடிகொம் டோய் 2001ஆம் ஆண்டு ‘பெயார்பிரிக்’ கரடியையும், பவுல் பட்னிட்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய கிட்ரொபொட் 2004ஆம் ஆண்டு முயல் காதுள்ள ‘டன்னி’யையும் வெளியிட்டன. 2010ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் வாங் நிங் ஆரம்பித்த பொப் மார்ட், ஹொங்கொங் கலைஞர் கென்னி வோங்கின் ‘மொலி’ என்ற சிறுமிப் பொம்மையால் வளர்ந்து, 2020 டிசம்பரில் ஹொங்கொங் பங்குச்சந்தைக்கு வந்தது. லபுபுவை உருவாக்கிய கசிங் லுங்கும் ஹொங்கொங்கில் பிறந்தவர்தான். சிறுவயதில் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே வாசித்த வட ஐரோப்பிய நாட்டார் கதைகளிலிருந்து 2015ஆம் ஆண்டு அந்தக் குறும்புப் பூதங்களைப் படைத்தார். 2019ஆம் ஆண்டிலிருந்து அவை பொப் மார்ட்டுடன் வருகின்றன.

சேர்ப்பவர்களின் வழிகள்

முதல் வழி, ஒரு கலைஞரைப் பின்தொடர்வது. ஒருவரின் ஆரம்பகாலப் பொம்மையையும் பத்து வருடங்களுக்குப் பின் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அவரது கை எப்படி மாறியது என்று தெரியும். இப்படிச் சேர்ப்பவர்களுக்கு எண்ணிக்கை பெரிதல்ல. ஒரு நல்ல வாசகர் ஒரே எழுத்தாளரின் எல்லா நூல்களையும் தேடுவது போன்றது இது.

இரண்டாவது, ஒரே உடலைப் பின்தொடர்வது. பெயார்பிரிக்கும் டன்னியும் இப்படிப்பட்டவை. வடிவம் மாறாது. அதன் மேல் ஒவ்வொரு கலைஞரும் வேறு வேறு ஓவியம் தீட்டுவார்கள். பெயார்பிரிக்கின் அடிப்படை அளவு 100% எனப்படும். அது 7 சென்ரிமீற்றர் உயரம். 400% என்பது 28 சென்ரிமீற்றர், 1000% என்பது 70 சென்ரிமீற்றர். இந்த வழியில் போகிறவர்கள் பொம்மையை ஓவியத் துணியாகப் பார்க்கிறார்கள். ஒரே விருத்தத்தைப் பல பாடகர்கள் பாடக் கேட்டு ஒப்பிடும் ரசனை என்று சொல்லலாம்.

மூன்றாவது, செய்முறையைச் சேர்ப்பது. ஜப்பானில் ‘சொஃபுபி’ என்று அழைக்கப்படும் மென்வைனில் பொம்மைகளுக்கெனத் தனியான ரசிகர்கள் இருக்கிறார்கள். 1966ஆம் ஆண்டு மருசான் நிறுவனம் கொட்சில்லா போன்ற திரைப்படப் பூதங்களை இப்படிச் செய்து பிள்ளைகளுக்கு விற்றது. முதலில் மெழுகில் ஓர் உருவம் செய்து, அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். திரவ வைனிலை அச்சுக்குள் ஊற்றிச் சூடாக்கினால் சுவரோரமாக ஒரு படை இறுகும். மிச்சத்தை ஊற்றிவிட்டு, சூடு ஆறுவதற்குள் குறட்டால் உருவத்தை இழுத்தெடுப்பார்கள். இழுப்பவரின் கைப்பழக்கம்தான் முக்கியம். இதைச் சேர்ப்பவர்கள் பாத்திரத்தைவிட அச்சின் தரத்தையும் நிறம் தெளித்த விதத்தையும் பற்றித்தான் கதைப்பார்கள்.

நான்காவது, தானே கைவைப்பது. கிட்ரொபொட்டின் ‘மன்னி’ வெள்ளையாக, முகமில்லாமல் வரும். வாங்குபவரே அதற்கு முகம் வரையவேண்டும். நியூயோர்க்கில் ‘சக்லோர்ட்’ என்ற புனைபெயரில் இயங்கும் கலைஞர், பிரபல திரைப்படப் பொம்மைகளை வேண்டுமென்றே போலியாக வார்த்து, கேலியான அட்டையில் ஒட்டி விற்பதையே தன் கலையாக்கினார். வாங்கக் காசில்லாதவர்களுக்கு இந்த வழியே பொருத்தமானது. களிமண்ணும் பழைய பொம்மையும் வர்ணமும் போதும்.

ஐந்தாவது, விற்பதற்காக வாங்குவது. இதையும் ஒரு வழியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெட்டியைத் திறக்காமல் வைத்து, விலை ஏறியதும் கைமாற்றுகிறார்கள். சிலர் அதில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனம் அதே பொம்மையை மீண்டும் பெருமளவில் அச்சிட முடிவெடுத்தால், இரண்டாம்கைச் சந்தையின் விலை ஒரே வாரத்தில் விழக்கூடும். அந்த முடிவில் வாங்கியவருக்கு எந்தப் பங்கும் கிடையாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசை இதில் ‘முதலிட’ நினைப்பவர்கள் இதை மனதில் கொள்ளவேண்டும்.

பொம்மையும் இழப்பும்

ஆறாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

மார்க் நகாட்டா கலிபோர்னியாவில் வளர்ந்த ஜப்பானிய அமெரிக்கர். சிறுவனாக இருந்தபோது, ஜப்பானில் இருந்த உறவினர்கள் ஒரு பெட்டி நிறையப் பூதப் பொம்மைகளை அவருக்கு அனுப்பினார்கள். தன் பெற்றோரின் பூர்வீகத்தை அவர் அந்தப் பொம்மைகள் ஊடாகவே தேடத் தொடங்கினார். பின்னர் ஓவியரானார். 2005ஆம் ஆண்டு தன் மகனின் பெயரில் ‘மக்ஸ் டோய்’ என்ற சொந்தப் பொம்மை நிறுவனத்தையும் ஆரம்பித்தார். 2018ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் அவரது சேர்ப்பைக் கண்காட்சியாக வைத்தது.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம் பேரை அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கப் பிரசைகள். கையில் தூக்கக்கூடியதை மட்டுமே கொண்டுவரலாம் என்பது உத்தரவு. அருங்காட்சியகம் இயங்கத் தொடங்கிய பழைய பௌத்த ஆலயக் கட்டடத்தின் முன்னால்தான் அப்பகுதி மக்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டார்கள். கையில் கொண்டுபோக முடிந்ததைத் தவிர வேறெதையும் காப்பாற்ற முடியாத ஒரு சமூகம், இரண்டு தலைமுறைகளுக்குப் பிறகு அதே தெருவில் ஒரு மனிதர் சேர்த்த பொம்மைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துப் பார்த்தது. அந்தக் கண்காட்சியில் பொம்மைகளின் விலை யாருக்கும் பெரிதாக இருந்திருக்காது.

இதை வாசித்தபோது லண்டனில் வாழும் என் பெரியம்மாவின் மகன் நினைவுக்கு வந்தார். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது அவருக்கு ஒன்பது வயது. இப்போது பெயார்பிரிக் சேர்க்கிறார், அதுவும் 7 சென்ரிமீற்றர் அளவில் மட்டும். பெரிய அளவு வாங்க வசதியிருந்தும் ஏன் வாங்குவதில்லை என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன்.

“தங்கச்சி, எனக்கொரு கணக்கு இருக்கு. ஒரு தோள்பைக்குள்ளை எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான். புதுசா ஒண்டு வாங்கினா உள்ளுக்குள்ளை இருக்கிற ஒண்டை ஆருக்கும் குடுத்திடுவன்.”

“ஏனண்ணா, வீட்டிலைதானே வைக்கப் போறியள்?”

“எதை விட்டிட்டுப் போறதெண்டு வாசல்லை நிண்டு யோசிக்க ஏலாது. அதை இப்பவே யோசிச்சு வைச்சிருக்கிறன்.”

லண்டனில் அவரை யாரும் வெளியேறச் சொல்லப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த விதியால் அவரிடம் இருக்கும் ஒவ்வொரு பொம்மையும் மற்றொன்றைவிடத் தேவை என்று யோசித்து வைக்கப்பட்டதாகிறது. நான் பார்த்த சேர்ப்புகளில் மிகத் தெளிவானது அவருடையதுதான்.

போரைப் பொம்மையாலேயே பேசியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் பச்சைநிற பிளாஸ்டிக் சிப்பாய்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிரித்தானியாவின் ‘டொரத்தி’ என்ற வடிவமைப்புக் குழு, அதே பச்சையில், அதே அளவில், போரிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்களைச் செய்தது. ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒருவர் வீடின்றித் தெருவில் இருக்கிறார். இன்னொருவர் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார். ஈராக்கிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைப்பிரிவொன்று பற்றி 2009ஆம் ஆண்டு கொலராடோ பத்திரிகை ஒன்று வெளியிட்ட தொடரே அந்த வேலைக்குத் தூண்டுதல். போர் முடிந்த பின்னும் வீட்டுக்குள் தொடர்வதை நாம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. அதை உள்ளங்கையளவுப் பிளாஸ்டிக்கில் சொல்ல முடியும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

மூடிய பெட்டியின் கணக்கு

இனி நடைமுறை விடயங்கள். இன்று கலைப் பொம்மைகளில் பெரும்பகுதி ‘பிளைண்ட் பொக்ஸ்’ எனப்படும் மூடிய பெட்டிகளில் விற்கப்படுகின்றன. உள்ளே எது இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. வழமையான ஒரு தொடரில் 12 பொம்மைகளும், அவற்றுக்கு வெளியே ஓர் இரகசியப் பொம்மையும் இருக்கும். பொப் மார்ட்டின் பல தொடர்களில் இரகசியப் பொம்மை கிடைக்கும் வாய்ப்பு 144இல் 1.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வகையும் சம வாய்ப்புடன் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், தனித்தனிப் பெட்டியாக வாங்கி முழுத் தொடரையும் நிறைவு செய்யச் சராசரியாக 37 பெட்டிகள் தேவை. கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 12 பெட்டிகள் போகும். இரகசியப் பொம்மைக்காக 12 பெட்டிகள் வாங்கினால் அது கிடைக்கும் வாய்ப்பு 8 வீதம் மாத்திரமே. 144 பெட்டிகள் வாங்கினாலும் 63 வீதம்தான். அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல் 144 பெட்டிகள் வாங்கியும் வெறுங்கையுடன் திரும்புவார்கள்.

இது லொத்தர்ச் சீட்டின் தர்க்கம். சீன அரசாங்கமே 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இப்படியான பெட்டிகளை விற்கக்கூடாது என்றும், கிடைக்கும் வாய்ப்பை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்றும் அறிவித்தது. எனவே குறிப்பிட்ட ஒரு பொம்மைதான் பிடித்திருக்கிறது என்றால், ஏற்கெனவே பெட்டியைத் திறந்து, தனக்கு வேண்டாததை விற்பவரிடம் அதை நேரடியாக வாங்குவதே பெரும்பாலும் மலிவு. முழுத் தொடரும் வேண்டுமென்றால் முத்திரை உடைக்காத முழு அட்டைப்பெட்டியை வாங்கலாம். அதில் வழமையாக ஒரே பொம்மை இரண்டு தடவை வராது.

போலியும் பராமரிப்பும்

லபுபுவின் போலிகளுக்கு ‘லஃபுஃபு’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. அசல் லபுபுவுக்கு ஒன்பது பற்கள் இருக்கும். பொப் மார்ட் பெட்டியில் சுரண்டிப் பார்க்கும் குறியீடு உண்டு. அதைக் கைப்பேசியால் வாசித்தால் நிறுவனத்தின் தளத்தில் உறுதிப்படுத்தலாம். நிறம் சிந்திய ஓரங்கள், கடுமையான பிளாஸ்டிக் மணம், நம்பமுடியாத மலிவு ஆகியவை எச்சரிக்கைகள். சிறு பிள்ளைகளின் கையில் போலி இருந்தால், கழன்று வரும் கண்களையும் சிறு துண்டுகளையும் கவனியுங்கள். விழுங்கினால் ஆபத்து.

வைனில் பொம்மைகளுக்கு நமது காலநிலை நட்பானதல்ல. வெயில் பட்டால் வெள்ளை மஞ்சளாகும், நிறம் மங்கும். வெப்பம் கூடிய இடத்தில் காற்றோட்டமின்றி அடைத்து வைத்தால், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மெல்லக் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவி நிழலில் உலர்த்தலாம். ஒரு பொம்மையை இன்னொன்றோடு முட்டவைத்தால் நிறம் ஒட்டிக்கொள்ளும். சாய்ந்துபோன வைனில் காலைச் சுடுநீரில் சற்று நேரம் வைத்து, நிமிர்த்தி, குளிர்நீரில் இட்டால் பெரும்பாலும் நேராகும். துணிப் பொம்மைக்குச் சுடுநீர் ஆகாது.

எழுதி வைத்தல்

ஊடகக் கற்கை படித்த காலத்தில் வோல்டர் பென்யமினைப் பாடத்துக்காக வாசித்தோம். இயந்திரம் பிரதியெடுக்கும் காலத்தில் கலைப்படைப்பின் தனித்தன்மைக்கு என்ன நடக்கிறது என்று கேட்டவர் அவர். 500 பிரதிகள் கொண்ட ஒரு பொம்மையில் எது மூலம் என்று கேட்டால் பதில் இல்லை. 500உம் மூலம்தான். பிறகு, ஒன்றை ஒருவர் வாங்கி, ஓரிடத்தில் வைத்து, கீழே விழுத்தி, ஒட்டி, பிள்ளைக்குக் கொடுக்கும்போது அது மற்ற 499இலிருந்து பிரிகிறது.

பென்யமினும் ஒரு சேகரிப்பாளர் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. 1926ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மொஸ்கோ போனவர் அங்கே பொம்மைகளைத் தேடித் திரிந்தார், பின்னர் ரஷ்யப் பொம்மைகளைப் பற்றி எழுதினார். தன் நூல்களைப் பெட்டிகளிலிருந்து எடுத்து அடுக்குவது பற்றி 1931ஆம் ஆண்டு ஒரு கட்டுரையும் எழுதினார். சேர்த்த பொருளும் அதைச் சேர்த்த நாளின் நினைவும் பிரிக்க முடியாதவை என்பது அதன் சாரம். 1933ஆம் ஆண்டு ஜேர்மனியை விட்டு வெளியேறியவர், 1940 செப்டெம்பரில் நாசிகளிடமிருந்து தப்பி ஸ்பெயின் எல்லை ஊரான போர்ட்பூவை அடைந்து அங்கே இறந்தார். மலை கடக்கும்போது பாரமான ஒரு கறுப்புப் பையை அவர் கைவிடவில்லை. அந்தப் பையில் இருந்த கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் சேர்ப்பதைப் பற்றி அவர் எழுதி அச்சுக்குக் கொடுத்தவை தப்பிவிட்டன.

ஆகவே சேர்க்கத் தொடங்கும் எவருக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை வாங்குவதைப் பற்றியதல்ல. ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கலைஞரின் பெயர், வெளிவந்த வருடம், எத்தனை பிரதிகளில் ஒன்று, எவ்வளவுக்கு வாங்கியது, யார் தந்தது ஆகியவற்றை எழுதுங்கள். கடைசி வரியில் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்று எழுதுங்கள். பக்கத்தைப் படமெடுத்து, தூரத்தில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அந்தக் கடைசி வரியை எழுத முடியாத பொம்மையை, எழுதக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பொம்மைகளுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள பழைய மூக்குப்பேணிக்கும் அம்மம்மாவின் தையல் இயந்திரத்துக்கும் கூட அந்தக் கொப்பியில் இடமுண்டு.